கப்பல் பாய்

கப்பல் ஏறப்போகிறவர்கள் யாராக இருந்தாலும், திண்டுக்கல்லை விட்டுக் கிளம்புவதற்கு முன் எங்கள் முதலாளியிடம் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள். எந்தத் திசையில் போனாலும் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் கடல் கண்ணில் படும் என்கிற ஊர் எங்களுடையது. குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர், கடலின் நடுவே எப்படிக் குளிப்பது, எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அவரைக் கப்பல் பாய் என்றது.

திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்குத் தோல் ஷாப் இருந்தது. ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு லண்டனுக்கு அனுப்புகிற வியாபாரம். கன்னிவாடியில் பிறந்து, டைப் படித்துவிட்டு டவுனுக்கு வந்த நான், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மற்ற தோல் முதலாளிகள் லண்டன் ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்கள். இவர் மாதிரித் தோல்களைக் கட்டிக்கொண்டு நேரே கிளம்பிவிடுவார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் லண்டன் கப்பல். முதல் வகுப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது போவார். போகப் பதினெட்டு நாள், வர பதினெட்டு நாள். அவரிடம் லண்டனைப் பற்றிக் கேட்டால், "குளிரு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். கப்பலைப் பற்றிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

ஒரு நாள் புகையிலை வியாபாரி ஒருவர் வந்தார். சிங்கப்பூருக்கு முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்திருந்தார். அந்தப் பெருமையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ரூமு எங்க குடுத்திருக்கான்?"

"மேல்தட்டுல, முன்பக்கமா. ஜன்னலத் தொறந்தா கடலு பாய்."

"மாத்திருங்க."

"அம்புட்டுப் பேரும் அதத்தான கேக்குறாக?"

"கேக்கட்டும். மேல்தட்டு கௌரவத்துக்கு. நடுத்தட்டு வயித்துக்கு. ஏத்த மரத்துல நடுவுல நிக்கிறவனுக்கு ஆட்டம் தெரியுமா? முனையில நிக்கிறவன்தான மேலயும் கீழயும் போவான்? நடுக்கப்பல்ல, கொஞ்சம் கீழ இருக்குற ரூமாக் கேளுங்க. அலையடிச்சா எனக்கு ஒரு கடுதாசி போடுங்க."

புகையிலைக்காரர் அறையை மாற்றிக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை முதலாளி ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மேல்தட்டுக்காரர்கள் எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோது தான் மட்டும் மேசையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டதாக அதில் எழுதியிருந்தார்.

இப்படி அவர் சொல்வதையெல்லாம் நான் ஒரு தாளில் டைப் அடித்து, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று. கப்பல் ஏறிய மாலையே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இரண்டாவது பந்தியில் சின்ன மேசையாகப் பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும். பெரிய பெட்டி அடித்தட்டுக்குப் போய்விடும், நினைத்தபோது கிடைக்காது; அதனால் கைப்பையில் இரண்டு நாள் துணி இருக்க வேண்டும். லண்டனுக்குப் போகும்போது வலப்பக்க அறை, வரும்போது இடப்பக்க அறை. இல்லையென்றால் செங்கடலில் சாயங்கால வெயில் அறைக்குள்ளேயே குடியிருக்கும். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. காய்ந்த ரொட்டியும் உப்பு எலுமிச்சையும் கையோடு இருக்கட்டும். முதல் மூன்று நாளில் வலிய வந்து பழகுகிறவனிடம் அளவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மீதிப் பதினைந்து நாளும் அவன் விடமாட்டான்.

குளியலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். "தொட்டி நெறைய உப்புத்தண்ணி ஊத்துவான். மேல ஊத்திக்க ஒரு சட்டி நல்ல தண்ணி. அம்புட்டுத்தான். சுத்தியும் தண்ணி, குளிக்க ஒரு சட்டி. நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

ஒருமுறை ஹஜ்ஜுக்குப் போகிற ஐந்தாறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஷாப்பிலேயே தோல் செதுக்குகிறவர். வெகுநாளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்துப் புறப்படுகிறவர். முதலாளிக்கு அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, அறை, மேசை, இரண்டாவது பந்தி என்று முழுசாகச் சொல்லி முடித்தார். தோல் செதுக்குகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி, எங்களுக்கு ரூமும் கெடையாது, மேசையும் கெடையாது. வெட்டவெளித் தட்டுல பாய விரிச்சுப் படுக்கணுமாம்."

முதலாளியின் முகம் வாடிப்போனது. அவர்கள் போன பிறகு என்னிடம், "எத்தன தடவ போயிருக்கேன் தம்பி. அந்தத் தட்டுல ஆளு படுத்திருக்கும்னு ஒரு நாளும் எட்டிப் பாக்கலியே" என்றார்.

மறுநாளிலிருந்து, தட்டில் படுத்துப் போய்வந்தவர்கள் ஊரில் யார் யார் என்று தேடிப் போய் விசாரித்தார். ஒரு வாரம் கழித்து அந்த ஹாஜிகளை மறுபடி வரச் சொல்லி, புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். புகைக்குழாய்ப் பக்கம் இடம் பிடிக்கக் கூடாது. கக்கூசுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் படுக்க வேண்டும். மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு கித்தான் துணி. கித்தானை அவரே தைத்து வைத்திருந்தார்.

இந்தக் காரியங்களில் எல்லாம் அவருக்கு ஒரு துணை இருந்தது, அவர் மனைவி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. "அவ இல்லாம கப்பல்ல எனக்குச் சோறு எறங்காது" என்று சொல்லி, சொந்தக்காரர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த அம்மாவைக் கூட்டிப்போவார். அந்தக் காலத்தில் பேகம்பூரிலிருந்து லண்டன் போய்வந்த பெண்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஒருநாள் ஷாப்புக்கு வந்த அந்த அம்மா என் மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார்.

"ஏங்க, இதுல ஒண்ண விட்டுட்டீகளே."

"என்னத்த?"

"கப்பல்ல பொம்பளைக்கு ஒரு சோலியும் கெடையாது. சமைக்க வேணாம், கூட்ட வேணாம். மூணாம் நாளு பைத்தியம் புடிச்சிரும். கையில ஏதாச்சும் தையலு கொண்டுபோகச் சொல்லுங்க. அப்பறம் வெள்ளக்காரிக சிரிச்சா நாமளும் சிரிச்சிரணும். பாஷையெல்லாம் வேணாம்."

"போடு தம்பி, போடு" என்றார் முதலாளி. போட்டேன்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. கப்பல் ஏறும்போது டாக்டர் பார்ப்பார். காய்ச்சல் என்று தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள். லேசான சூடு இருந்தால் அரை மணி நேரம் முன்பு ஒரு ஆஸ்பிரின் மாத்திரை போட்டு, முகம் கழுவி, சிரித்த முகமாகப் போக வேண்டும். முதலாளிக்கு இந்த வரியில் தனிப் பெருமை. இதைக் கேட்டு நாலைந்து பேர் தடையில்லாமல் ஏறிப் போயிருந்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், இருவரும் லண்டனுக்குக் கப்பல் ஏறியிருந்த சமயம், ஒருநாள் ஏடனிலிருந்து ஷாப்புக்குத் தந்தி வந்தது. நான்தான் பிரித்தேன். மனைவி மரணம், லண்டன் போய்த் திரும்புகிறேன் என்று இருந்தது. கப்பல் யாருக்காகவும் திரும்பாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கும் மேலாகி ஊர் வந்து சேர்ந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கடலில்தான் அடக்கம் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்ததே தவிர, என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஷாப்புக்கு வந்த முதல் நாள், "அந்தத் தாள எடு தம்பி" என்றார். பென்சிலால் மாத்திரை வரியை அடித்தார். பென்சில் முனை ஒடிகிற மட்டும் அடித்தார். "புதுசா டைப் அடி. பழசையெல்லாம் கிழிச்சுப் போட்டுரு."

அதற்குப் பிறகு அவர் கப்பல் ஏறவில்லை. லண்டன் வேலையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். ஆனால் யோசனை சொல்வது மட்டும் முன்னைவிட அதிகமாயிற்று. முன்பு ஆட்கள் தேடி வருவார்கள். இப்போது யாராவது மலாயா போகிறார்கள் என்று காதில் விழுந்தால் இவரே வீடு தேடிப் போய்விடுவார். பழைய சிரிப்பு இல்லை. மேசையையும் அறையையும் பற்றி அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று முன்பின் தெரியாதவர்களின் நெற்றியில் கூடப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அவர் தெருவில் வருவது தெரிந்தால் பயணக்காரர்கள் பின்வாசல் வழியாக நழுவினார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் சிலர் சிரித்ததை நான் கேட்டேன். நானும் லேசாகச் சிரித்தேன்.

என் தங்கை கோமதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பினாங்கில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தாலி கட்டிய மூன்றாம் வாரம் கப்பல் ஏறியவன், அலையாக அலைந்து அவளுக்கு அனுமதி வாங்கி அனுப்பினான். அந்த அனுமதி அந்த மாதக் கடைசிக்குள் அங்கே போய் இறங்கினால்தான் செல்லும். சட்டம் இறுகிக்கொண்டே வருகிறது, இதைத் தவறவிட்டால் மறுபடி கிடைப்பது சந்தேகம் என்று எழுதியிருந்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலுக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், கூடவே வறட்டு இருமல். மூன்று வாரமாக விடவில்லை. உள்ளூர் டாக்டர் மருந்து கொடுத்து, சளி என்றார்.

அம்மா பயந்துபோய் அழுதபோது, "கவலப்படாதம்மா, அதுக்கு வழி இருக்கு" என்று சொன்னது நான்தான். முதலாளி அடித்துப்போட்ட அந்த வரி எனக்கு மனப்பாடம். கோமதிக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு, மரியாதைக்காக அவளை ஷாப்புக்குக் கூட்டிப் போனேன். முதலாளி அவளை உட்காரச் சொல்லிவிட்டு வழக்கம்போலத் தொடங்கினார். எல்லாம் கேட்டுக்கொண்டவள், வெகுளியாக, "மொதலாளி, அந்த மாத்தரையச் சாப்புட்டா எம்புட்டு நேரத்துக்குச் சூடு தெரியாது?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயா சொன்ன?"

"தாளுல இருந்துச்சுல்ல மொதலாளி..."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கோமதியிடம் சொன்னார்.

"கொழும்பு போறப்பவே எம் பொஞ்சாதிக்கு ரயில்ல காய்ச்சல் தாயி. நாந்தான் மாத்தர குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே ஏறுன்னேன். சிரிச்சா. டாக்டரு அவ மூஞ்சியப் பாத்துட்டு, போம்மான்னுட்டாரு. மூணாம் நாளு ஒடம்பு கொதிக்குது. கப்பல் டாக்டரக் கூப்புடுறேங்கிறேன். வேணாம்ங்கிறா. சொன்னா ஏடன்ல எறக்கி விட்டுருவாக, ஒங்க சோலி கெட்டுப்போகும்ங்கிறா. எனக்கும் அதான் நெனப்பு. லண்டன்ல தோல் மாதிரி காட்டுற நாளு தவறிருமேன்னு நெனச்சேன். மாத்தரையா குடுத்துக்கிட்டிருந்தேன். அஞ்சாம் நாளு நெனவு தப்புனப்பறந்தான் போயிச் சொன்னேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லக் கூடாதான்னாரு அந்த டாக்டரு."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விடியக்காலம் கப்பல மெதுவாக்குனாக. தொழுக வைக்க ஆளு இல்ல தாயி. மொத வகுப்புல நான் ஒருத்தந்தான். கீழ என்ஜின்ல வேல பாக்குற வங்காளத்து ஆளுக நாலு பேரு, எண்ணெக் கையக் கழுவிட்டு மேல வந்தாக. அவுகதான் என் பக்கத்துல நின்னாக. யாரு பெத்த புள்ளைகளோ. அஞ்சு நிமிசம். அப்பறம் கப்பலு பழையபடி வேகம் எடுத்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் மேல பேண்டு வாசிச்சான். நான் சாப்பாட்டுக்குப் போனா, என் மேசையில ஒரு நாக்காலிதான் கெடந்துச்சு. இன்னொண்ண எடுத்துட்டான்."

வெளியே தோல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"போகாத தாயி. ஒடம்பு தேறட்டும். நான் வேற கப்பல்ல எடம் வாங்கித் தாரேன்."

"கப்பலு கெடைக்கும் மொதலாளி. அனுமதி கெடைக்காதே" என்றாள் கோமதி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏலே, அவரு பொண்டாட்டி செத்துப்போனா என் மக புருசங்கூட வாழக் கூடாதாலே? இவ போறது ஆறு நாளு. பதினெட்டு நாளா போறா? நீ வாய மூடிக்கிட்டு டிக்கெட்ட எடுத்து வையி."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது.

அம்மாவும் நானும் கோமதியோடு நாகப்பட்டினம் போனோம். அங்கே கப்பல் தூரத்தில் நிற்கும். கரையிலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். கோமதியின் டிரங்குப் பெட்டி முன்னாலேயே படகில் போய்விட்டது. கல்யாணப் புடவைகள், பாத்திரங்கள், அம்மா இடித்துக்கொடுத்த பொடிகள் எல்லாம் அதில்தான். துறைமுகக் கொட்டகையில் பயணிகள் வரிசையாக நின்றார்கள். நான் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, சோடா உடைத்துக் கொடுத்தேன். அவள் விழுங்கிவிட்டு முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் வயசானவர், தன்மையாகப் பேசினார். அம்மை ஊசிச் சீட்டைப் பார்த்தார். "காய்ச்சல், இருமல் ஏதாவது உண்டாம்மா?"

"இல்லீங்க" என்று சொல்லிக் கோமதி சிரித்தாள்.

அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. டாக்டர், அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு பையோடு முதலாளி நின்றார். நாங்கள் வந்த ரயிலிலேயே வேறு பெட்டியில் வந்திருக்கிறார்.

டாக்டர் கோமதியை உள்ளே அழைத்துப்போனார். முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவளுடைய சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். அவள் கெஞ்சினாள், நான் கெஞ்சினேன், அம்மா அவர் காலைத் தொடப்போனாள். பத்து மணிக்குக் கடைசிப் படகு போயிற்று. அம்மா மணலில் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முதலாளியின் மேல் வீசினாள். "நாசமாப் போயிருவ. எம்மக குடியக் கெடுத்துட்டியே" என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கோமதி யாரையும் பார்க்காமல், பெட்டி ஏறிப்போன கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் வலப்பக்கம் நிழல் இருந்தது; காசநோய். ஒன்றரை வருஷம் ஊசி. முட்டையும் பாலும் முதலாளி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அம்மா முதலில் திருப்பி அனுப்பினாள், பிறகு வாங்கிக்கொண்டாள். நான் வேலையை விடவில்லை. விட்டால் ஊசிக்கு வழியில்லை. அவரும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து, வியாபாரக் கடிதங்களைத் தவிர வேறு பேசாமல் நாளைக் கழித்தோம். ஒருமுறை மதுரை டாக்டரிடம் நான் கேட்டேன்: அன்றைக்கு இவள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் யோசித்துவிட்டு, "ஆறு நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. அங்கேயும் இதே ஊசிதான். இல்லை, அங்கே கண்டுபிடிக்காமலே விட்டிருக்கவும் செய்யலாம். எதையும் சொல்ல முடியாதப்பா" என்றார். இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இரக்கமா வன்மமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பினாங்கிலிருந்து வாரம் ஒன்று வந்த கடிதம் மாதம் ஒன்று ஆயிற்று. பிறகு நின்றுபோனது. அனுமதி காலாவதியானதை எதிர்த்துச் செய்த மனு திரும்பி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார், கோமதியின் புருஷனுக்கு. கப்பலில் ஏறாமல் போனது அந்தப் பெண்ணின் குற்றமில்லை, முழுக்க என் குற்றம், அவளைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று. நான் டைப் அடித்தேன். பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அவன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான்; குழந்தையும் இருக்கிறது. பெட்டியை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும் என்று முடித்திருந்தான்.

"கோமதிகிட்ட இப்பச் சொல்ல வேணாம் மொதலாளி. ஒடம்பு முழுசாத் தேறட்டும்" என்றேன்.

"இல்ல தம்பி. நான் மறைக்க மாட்டேன்" என்றார்.

அவரே நாகப்பட்டினம் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். ஜட்காவில் ஏற்றி எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். கோமதி போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார். அம்மா உட்காரச் சொல்லவில்லை. கோமதி இரண்டு தரம் படித்தாள்.

"அன்னைக்கு என்னைய ஏத்திவிட்டிருக்கலாம்ல மொதலாளி?" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஷாப்பில், மிச்சமிருந்த கப்பல் தாள்களையெல்லாம் அவர் கையாலேயே கிழித்தார். அதன் பிறகு யாராவது வந்து கப்பலைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதற்கு அடுத்த வருஷம் நான் சர்க்கார் வேலை கிடைத்து ஷாப்பை விட்டு வந்தேன்.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். கோமதி அப்போது பயிற்சி முடித்து, நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். அவளிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் யோசித்தாள். "நானும் வாரேண்ணே" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். தம்பி மகனின் மனைவி எங்களை உள்ளே அழைத்துப்போனாள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆறிக் கிடந்தது. குடிக்க மாட்டேன் என்கிறார் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். கோமதி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. கண்டுகொண்டதும் கண் நிறைந்துவிட்டது.

"நீ உசுரோட இருக்கியே தாயி" என்றார். "எனக்கு அது போதும்."

கோமதி கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போதல மொதலாளி" என்றாள். குரல் உயரவில்லை. அதில் கோபமும் இல்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா" என்றார். "போதாதுதான்."

அவள் இடது கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியை உதட்டில் வைத்தாள். குடித்தார். கிண்ணம் காலியாயிற்று. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எழுந்து வந்தோம். பஸ் வந்ததும், "நாளைக்கு எனக்கு லீவுதான். நீ அலையாதண்ணே, நான் மட்டும் வாரேன்" என்றாள்.

அவர் இறந்தது அடுத்த வெள்ளிக்கிழமை. அதுவரை தினமும், பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து வந்து, கோமதி அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசலண்ணே" என்றாள்.